மேற்கு வெயிலும் மூன்று அகச்சிவப்பு ஏற்பிகளும்

சிங்கப்பூர் சிம் லிம் டவரின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் 'ஐஆர் ரிசீவர்' (அகச்சிவப்பு ஏற்பி) என்று மட்டும் கேட்டால் போதாது. ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் ஃபோட்டோடையோடு, அதைப் பெருக்கியும் தரும் ஃபோட்டோடிரான்சிஸ்டர், மூன்று கால் ரிசீவர் மாட்யூல் ஆகிய மூன்றையும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். விலையைப் பார்த்து வாங்குவதை விட, சுற்று வேலை செய்யப்போகும் இடத்தின் வெளிச்சத்தைப் பார்த்து வாங்குவதே சரி என்பேன்.

என் அம்மாவுக்குக் காது மந்தம். வாசலில் யாராவது வந்து நின்றால் கூடத்தில் ஒரு சிறுவிளக்கு எரிய வேண்டும் என்று, கம்பிக்கதவுக்கு வெளியே ஒரு மீட்டர் அகலத்துக்கு, ஒரு முனையில் எல்இடியும் மறுமுனையில் ஏற்பியுமாக அகச்சிவப்புக் கற்றை ஒன்றை அமைத்தேன். முதலில் பொருத்தியது ஃபோட்டோடிரான்சிஸ்டர். 5 வோல்ட், 10 கிலோஓம் மின்தடை, அவ்வளவுதான் சுற்று. இரவில் கற்றை படும்போது மல்டிமீட்டர் 0.2 வோல்ட் காட்டியது. கையால் மறைத்தால் 5ஐத் தொட்டது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மேற்கு வெயில் தாழ்வாரத்துக்குள் சாய்ந்தது. கையால் மறைத்தேன், 0.2. எல்இடியையே அணைத்தேன், அப்போதும் 0.2.

வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். அரை மில்லிஆம்பியர் பாய்ந்தாலே அந்த 10 கிலோஓம் சுற்று நிறைவுற்றுவிடும், அதற்கு மேல் ஒளி கூடினாலும் குறைந்தாலும் மாற்றம் தெரியாது. 1 கிலோஓமாக மாற்றினால் 5 மில்லிஆம்பியர் வரை தாங்கும். ஆனால் எல்இடியின் ஒளியால் வரும் மாற்றமும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மில்லிமீட்டர் தொலைவில் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு டிசிஆர்டி5000 போல எல்இடியோடு சேர்ந்து வரும் ஃபோட்டோடிரான்சிஸ்டர் அருமையான பொருள். வெயில் படும் வாசலுக்கு அது ஏற்றதல்ல.

அடுத்து டிஎஸ்ஓபி38238 மாட்யூல். டிவி ரிமோட்டின் ஒளியை வாங்குவது இந்த இனம்தான். 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியை மட்டும் பிரித்தெடுப்பதால், நிலையாக விழும் வெயிலை இதனால் பெரும்பாலும் ஒதுக்கிவிட முடிகிறது. சமிக்ஞை கிடைத்தால் வெளியீடு தாழும். ஆனால் ரிமோட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதால், இடைவெளியில்லாமல் வரும் 38 கிலோஹெர்ட்ஸை இரைச்சல் என்று கருதித் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். கற்றை அறுபடாமலேயே விளக்கு எரிந்தது இதனால்தான். 20 சுழற்சி ஒளிர்ந்து, அதைவிட நீண்ட ஓய்வு விட்டு மீண்டும் ஒளிரும்படி, எல்இடியைத் துடிக்கவைக்கும் நிரலை மாற்றியதும் சரியானது. நிரலில் கை வைக்க விரும்பாதவர்கள், உணர்திறன் மாறாத டிஎஸ்எஸ்பி4038ஐ வாங்கலாம். ஒளிக்கற்றை தடைபடுவதை அறிவதற்கென்றே வந்தது அது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மாட்யூலுக்கு உணர்திறன் மிக அதிகம். ஆள் குறுக்கே நின்றாலும் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே அதற்குப் போதும். எல்இடியின் மின்னோட்டத்தைக் குறைத்து, இரு முனையிலும் கறுப்புக் குழாய் மாட்டினேன்.

ஃபோட்டோடையோடு வேறு வேலைக்கானது. அந்த வகையைச் சேர்ந்த பிபிடபிள்யூ34 தருவது மைக்ரோஆம்பியர் கணக்கில்தான், சமிக்ஞையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லு இல்லாமல் பெரும்பாலும் பயன்படாது. ஆனால் ஒளிக்கு நேர்விகிதத்தில் தருகிறது, ஒளி பட்டதும் நூறு நானோவினாடியில் மின்னோட்டம் எழுகிறது. விரல்நுனியில் நாடித்துடிப்பை அளக்க விரும்பினால் மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம்.

மாட்யூல் வாங்குவோர் கால் வரிசையைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டே மின்சாரம் கொடுங்கள். ஒரே தோற்றமுள்ள மாட்யூல்களிலும் வகைக்கு வகை அது மாறும்.