ஸ்டூடியோ என்ற பெயரில் சுவரில் ஒட்டப்படும் ஃபோம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை அமைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கோயில் திருவிழாப் பாடல், உறுமி மேளம், திருமண வாழ்த்து, விளம்பரக் குரல் என்று எல்லாம் இப்போது வீட்டுப் பின்னறையில்தான் உருவாகின்றன. இந்தப் பிள்ளைகளின் ஆசையைக் குறிவைத்துச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். "அறையை ஸ்டூடியோவாக மாற்றித் தருகிறோம்" என்று சொல்லி, மெல்லிய ஃபோமைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பணத்தோடு போய்விடுகிறார்கள். என்னிடம் 6,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

எங்களுடையது வரிசை வீடு. பின்னறை 10 அடிக்கு 10 அடி, உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. சற்றுத் தள்ளி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓயாமல் போகும் சாலை. அறையைப் பார்க்க வந்தவர் தேனொழுகப் பேசினார். "அண்ணே, வேலை முடிந்த பிறகு வாசலில் லோரிக்காரன் ஹார்ன் அடித்தாலும் உள்ளே கேட்காது" என்றார். நடு அறையில் நின்று கைதட்டினார், எதிரொலி இருக்கிறது என்றார். பிறகு அளவுநாடாவை எடுத்துச் சுவர்களின் பரப்பை மட்டும் கணக்கிட்டார். ஒலியை அளக்கும் மைக் எதையும் அவர் கொண்டுவரவில்லை. அறை கனசதுரம் போல இருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு, "எல்லாப் பக்கமும் ஒரே அளவு, ஒட்டுவதற்கு வசதி" என்று பதில் சொன்னார்.

உண்மையில் ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே குறிப்பிட்ட சில தாழ்சுருதிகள் சிக்கிக்கொண்டு அடங்காமல் முழங்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். 343-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றும் அதே 56-இலேயே முழங்கும், அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸிலும் அப்படியே. ஆண்குரலின் அடிச்சுருதி விழுவது இந்த எல்லைக்குள்தான். ஒலி அமைப்பு வேலைக்கு என்று பணம் வாங்குகிறவர் முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

வேலை முடிந்ததும் அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு சுவரிலும் கறுப்பும் சிவப்புமாகக் கூம்புக் கட்டங்கள். கண்ணாடிப் பட்டை ஜன்னலைப் பலகை வைத்து மூடி, அதன் மேலும் ஒட்டியிருந்தார்கள். அன்றே உறுமி வாசிக்கும் தம்பி ஒருவரை அழைத்துப் பதிவு செய்தேன். வளைந்த குச்சியால் தோலை உரசும்போது எழும் அந்த முனகல்தான் உறுமியின் உயிர். பதிவில் அது மங்கிப்போய், அடிக்கும் சத்தம் மட்டும் தகர டிரம்முக்குள்ளிருந்து வருவதுபோல் வீங்கிக் கிடந்தது. குரல்பதிவும் அப்படித்தான். சகர ஒலிகளின் கூர்மை மழுங்கிவிட்டது, நெஞ்சொலி மட்டும் குமுறியது. வெறும் சுவராக இருந்தபோதே இதைவிட நன்றாகக் கேட்டது.

காரணம் எளிது. ஃபோம் போன்ற பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸுக்கே அது எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் என்றால் 86 சென்டிமீட்டர். முழுக் கால்பங்கு இல்லாவிட்டாலும் ஓரளவு வேலை நடக்கும் என்பது சரிதான். ஆனால் ஓர் அங்குல ஃபோமை வைத்துத் தாழ்சுருதியை அடக்கப் பார்ப்பது கொசுவலையால் மழையைத் தடுக்க நினைப்பதுபோல. அது மேல்சுருதிகளை மட்டும் விழுங்கிவிட்டு, அறையின் முழக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது. எல்லாச் சுவரிலும் ஒட்டினால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும்.

ஓர் அங்குலம் என்று சொன்னேன் அல்லவா, அவர்கள் தந்த விலை மேற்கோள் தாளில் எழுதியிருந்தது 50 மில்லிமீட்டர். ஓரத்தில் ஒரு கட்டத்தைப் பெயர்த்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கூம்பின் முனையிலிருந்து அடிவரை 25 மில்லிமீட்டர். இரண்டு கூம்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறவில்லை. கூடவே சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது.

அவர்கள் காட்டிய விளம்பரத் தாளில் 'என்ஆர்சி 0.85' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இதைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். என்ஆர்சி என்பது 250, 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் அளந்த உறிஞ்சுதிறனின் சராசரி. 250-க்குக் கீழே என்ன நடக்கிறது என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. சிறிய அறையின் தொல்லை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. போதாததற்கு, அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த அளவு 100 மில்லிமீட்டர் பொருளுக்கு உரியது. வேறொரு பொருளின் சோதனைத் தாளைக் காட்டி என்னிடம் இதை விற்றிருக்கிறார்கள்.

லோரி ஹார்ன் விஷயம்? முன்பு கேட்டதுபோலவே கேட்கிறது. அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை, வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் கனமான சுவரும், காற்றுப் புகாத கதவும் வேண்டும். என் அறைக்கு உள்ளீடற்ற ஒட்டுப்பலகைக் கதவு, அதன் கீழே விரல் நுழையும் இடைவெளி. அதை அவர்கள் தொடவே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என் வயிற்றைக் கலக்கியது தீ. "தீப்பிடிக்காத ஃபோம்" என்று வாய்கூசாமல் சொன்னார்கள். பெயர்த்த துண்டில் சிறிதளவு வெட்டி, வாசல் சிமெண்ட்டுத் தரையில் வாளித் தண்ணீரோடு வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். பற்றிய வேகத்தில் கரும்புகை எழுந்தது, உருகிய சொட்டுகள் தரையில் விழுந்த பிறகும் எரிந்தன. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'ஸ்டேஷன்' இரவு விடுதியில் 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் 'கிஸ்' விடுதியில் 242 பேர். இரண்டு இடத்திலும் வாணப் பொறி பட்டுப் பற்றியது ஒலிக்காக ஒட்டிய ஃபோம்தான். ஜன்னலை அடைத்து, ஒரே கதவு வைத்த அறையில், மின்கருவிகளுக்கு நடுவே என் பிள்ளைகள் பாடும் இடத்தில் இதைத்தான் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றே அத்தனையையும் பெயர்த்துப் போட்டோம்.

அறையைப் பார்க்க வந்தவரைத் தொலைபேசியில் கேட்டபோது முதலில் "பழகினால் சரியாகிவிடும்" என்றார். அளவுகோல் வைத்து எடுத்த படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

ஈப்போவில் ஒலிப்பொறியாளராக இருக்கும் நண்பர் ஒருவர் அளவு மைக்கும் மடிக்கணினியும் கொண்டுவந்து அறையைச் சோதித்தார். 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது காட்டிய வரைபடத்தில் 56 ஹெர்ட்ஸ் அருகே மலைபோல் ஒரு மேடு. அவர் சொன்னபடி உள்ளூர்த் தச்சரிடம் மரச்சட்டங்கள் செய்து, 100 மில்லிமீட்டர் ராக்வூல் பலகைகளை நுழைத்து, இழை பறக்காதபடி துணியால் இறுக மூடி, மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை நிறுத்தினோம். ராக்வூல் கல்லை உருக்கி நூற்ற இழை என்பதால் எரியாது. பாடுபவருக்குப் பின்னாலும் தலைக்கு மேலும், சுவரை ஒட்டாமல் இடைவெளி விட்டு, மேலும் சில. முழக்கம் முற்றாகப் போகவில்லை, கனசதுர அறையில் போகவும் போகாது. ஆனால் உறுமியின் முனகல் திரும்பக் கேட்கிறது. செலவு அவர்கள் வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை.

ஆகவே யாராவது உங்கள் அறைக்கு விலை பேச வந்தால், 125 ஹெர்ட்ஸில் உறிஞ்சுதிறன் எவ்வளவு என்று கேளுங்கள். தீச் சோதனைச் சான்றிதழை, அதே பொருளுக்கு, அதே தடிமனுக்கு உரியதாகக் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டுவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை உரிமை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மேற்கோள் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அளவுகோல் வைத்து எடுத்த படம், பெயர்த்த ஃபோமில் ஒரு துண்டு, இவை அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். நான் மனுவைக் கொடுத்துவிட்டேன், விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறேன். இதே கறுப்பு சிவப்புக் கட்டங்களை இதே 0.85 தாளைக் காட்டி உங்களுக்கும் விற்றிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், மனுவை எழுத உதவுகிறேன்.