தழும்பு ஹெர்னியா: ஐபாம் பிளஸ்ஸா, ஈ-டெப்பா, திறந்த ஆபரேஷனா?

கர்ப்பப்பை எடுத்த தழும்பிலோ, குடல் ஓட்டைக்காக அவசரமாகத் திறந்த வயிற்றிலோ சதை விலகி வரும் புடைப்போடு, அதாவது தழும்பு ஹெர்னியாவோடு, மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "லேப்ராஸ்கோப்பில முடிஞ்சிருமா டாக்டர்?" பதில் சி.டி. ஸ்கேனில் இருக்கிறது. சதை விலகிய இடைவெளி 4 செ.மீ.க்குள்ளா, 4 முதல் 10 வரையா, அதற்கும் மேலா என்று முதலில் பாருங்கள்.

ஐபாம் பிளஸ், ஈ-டெப் இரண்டுமே லேப்ராஸ்கோப் முறைகள். ஐபாம் பிளஸ்ஸில் வயிற்றுக்குள் போய், ஒட்டிய குடலைப் பிரித்து, இடைவெளியைத் தைத்து, உள்பக்கம் வலை பொருத்துவார்கள். சுற்றிலும் 5 செ.மீ.யாவது வலை தாண்டி நிற்க வேண்டும். வலை குடலைப் பார்த்து இருப்பதால் பூச்சுள்ள காம்போசிட் மெஷ் தேவை. அதுவும், வலையை வயிற்றுச் சுவரில் குத்திப் பொருத்தும் டாக்கரும்தான் பில்லை ஏற்றுகின்றன. டாக்கர் குத்திய இடம் சிலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும். பின்னாளில் வேறு காரணத்துக்கு வயிற்றைத் திறந்தால் குடல் வலையோடு ஒட்டியிருக்கலாம். சிறிய இடைவெளிக்கு, மயக்கநேரம் குறைய வேண்டியவர்களுக்கு இது போதும்.

நடுக்கோட்டில் 4 முதல் 8 செ.மீ. என்றால் எங்கள் தேர்வு ஈ-டெப். வலை நேர்தசைக்கும் (நடுக்கோட்டின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் வயிற்றுத் தசை) அதன் பின்னுறைக்கும் நடுவே படுக்கிறது, குடலைத் தொடாது. சாதாரண பாலிப்ரோப்பிலீன் வலையே போதும், டாக்கர் அநேகமாக வேண்டாம், வலியும் குறைவு. நேரம்தான் கூடுதல், கை பழகாதவருக்கு ஆபத்தும் கூடுதல். பின்னுறையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் சில நாளில் பிரியும். அந்தப் பிளவில் குடல் நுழைந்து வாந்தியும் வயிற்று உப்புசமுமாக மறு ஆபரேஷனில் முடியும். ஓரத்தில் கத்தி அளவு மீறிப்போனால் விலாப்பக்கம் புதுப் புடைப்பு வரும்.

இடைவெளி இழுத்து மூடுமா என்று ஸ்கேனை வைத்து முன்கூட்டியே கணக்குப் போடலாம். இரண்டு நேர்தசைகளின் அகலத்தையும் கூட்டினால் இடைவெளியைப்போல் இரு மடங்குக்கு மேல் வர வேண்டும். தசை 7, 7 செ.மீ. என்றால் 14. இடைவெளி 6 என்றால் பெரும்பாலும் மூடிவிடும். 9 என்றால் குறுக்குத்தசையையும் விடுவிக்கும் டி.ஏ.ஆர். என்ற கூடுதல் ஆபரேஷன் தேவைப்படலாம்.

10 செ.மீ.க்கு மேல், புடைப்பின் மேல் தோல் மெலிந்து புண்ணாகியிருந்தால், பழைய வலையில் சீழ் இருந்தால் திறந்த முறைதான் நல்லது. தொங்கும் தோலையும் அப்போதே எடுத்துவிடலாம். தசை தளர, சுமார் 4 வாரம் முன்பே பக்கவாட்டில் போடாக்ஸ் ஊசி போடுவதுண்டு.

எதுவானாலும் ஒரு மாதம் முன்பே பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) 8-க்குக் கீழே வரட்டும். வீட்டுக்குப் போனபின் வலி குறையாமல் ஏறி, நாடித்துடிப்பு வேகமானால் குடலில் காயம் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் சில வாரத்தில் அதே இடத்தில் வலியில்லாமல் வீங்கினால் பெரும்பாலும் நீர்க்கோர்வை, தானே வற்றும். ஆபரேஷன் செய்தவரிடம் காட்டுங்கள். ஊரில் ஊசி குத்தி உறிஞ்ச விடாதீர்கள், கிருமி நேரே வலைக்குப் போகும்.