பீட்ரூட்டின் காட்டு உறவுகளும் ‘பிளாஸ்ட்’ தேடல் சேவையும்: வகுப்பறையிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்புக் கல்லடியில் உயர்தர உயிரியல் வகுப்பு நடத்துகிறேன். உயிரினங்களை வகைப்படுத்தும் பாகுபாட்டியல் பாடத்தின் நடுவே, சந்தையில் வாங்கும் பீட்ரூட்டுக்குக் காட்டில் சொந்தம் உண்டா என்று ஒரு மாணவி கேட்டார். சொந்தம் உண்டு, ஆனால் நமது வாவிக்கரையில் இல்லை. இங்கே உவர் மண்ணில் வளரும் உமரி அதே குடும்பத்தின் தூரத்து உறவு மட்டுமே. பீட்ரூட்டின் மூதாதையான கடற்கரைப் பீட், ஐரோப்பாவின் அத்திலாந்திக் கரையிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் தானாக முளைக்கும் செடி. தொட்டுப் பார்க்க முடியாத செடியை எழுத்து வடிவிலாவது பார்ப்போம் என்றுதான், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கீழ் இயங்கும் என்.சி.பி.ஐ. இலவசமாக வழங்கும், டி.என்.ஏ. எழுத்து வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் ‘பிளாஸ்ட்’ சேவையை மாணவர்களோடு சேர்ந்து திறந்தேன்.

பயன்படுத்துவது எளிது. 1982 இல் தொடங்கப்பட்ட ஜென்பாங்க் களஞ்சியத்தில் ஒரு செடியின் டி.என்.ஏ. வரிசையை எடுத்து, பெட்டியில் ஒட்டி, பொத்தானை அழுத்தினால் போதும். கணக்குத் திறக்கவோ காசு கட்டவோ வேண்டியதில்லை. பக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்மூல மாணவர்களுக்கு ஏழெட்டுச் சொற்களின் பொருளை முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டேன். மாலையில் எங்கள் இணைய இணைப்பு இரண்டு தடவை அறுந்ததைச் சேவையின் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.

என்னைக் கவர்ந்தது அது காட்டும் ஒப்பீடுதான். நாம் கொடுத்த வரிசை மேலே, களஞ்சியத்தில் அகப்பட்டது கீழே, இரண்டுக்கும் இடையில் ஒத்துப்போகும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு நெடுங்கோடு. எழுத்து மாறிய இடத்தில் கோடு இராது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியிலுள்ள ஆர்.பி.சி.எல். என்ற பரம்பரையலகை (மரபணுவை) வைத்துப் பீட்ரூட்டையும் கடற்கரைப் பீட்டையும் ஒப்பிட்டபோது, புதிதாக அடைத்த கம்பு வேலிபோல் கோடுகள் நெருங்கி நின்றன. கனேரித் தீவுகளில் வளரும் பட்டெலிபோலியா புரோகும்பென்ஸ் என்னும் செடியின் வரிசையை அடுத்து வைத்தோம். வேலியில் ஆங்காங்கே கம்பு பிடுங்கியதுபோல் வெளி தெரிந்தது. அந்தச் செடியும் முன்னர் பீட்ரூட் அடங்கும் பீட்டா சாதிக்குள்தான் (பேரினத்துக்குள்தான்) இருந்தது. 1977 இல் அதைப் பட்டெலிபோலியா என்ற தனிச்சாதியாகப் பிரித்தார்கள், பின்னர் வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும் அந்தப் பிரிவை ஆதரித்தன. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இத்தகைய செய்தியை, பின்வாங்கில் இருந்த பையன்கூட எழுந்து வந்து திரையில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தான்.

ஆயினும், முடிவுப் பட்டியலின் முதல் வரியில் வரும் பெயரையே விடையென்று எழுதிக்கொள்பவர் ஏமாறுவார். பட்டியல் புள்ளிகளின்படி அடுக்கப்படுகிறது. முற்றிலும் ஒத்த வரிசைகளுக்குச் சமமான புள்ளிகளே கிடைக்கும் என்பதால், எங்கள் பீட்ரூட்டின் அருகிலேயே கடற்கரைப் பீட்டின் பெயரும் வந்து நின்றது. இது கருவியின் பிழையன்று. பாகுபாட்டியலின் முன்னோடியான லின்னேயஸ் 1753 இல் பீட்ரூட் இனத்துக்கு பீட்டா வல்காரிஸ் என்ற பெயரை வெளியிட்டு, 1762 இல் கடற்கரைச் செடியை பீட்டா மரிட்டிமா என்று தனி இனமாக்கினார். இன்றோ பெரும்பாலோர் அதை வல்காரிஸின் துணையினமாகவே கொள்கின்றனர். இரண்டும் தாராளமாகக் கலப்பவை. ஐரோப்பிய சர்க்கரைக் கிழங்கு வயல்களில் களையாக எழும் பீட் செடிகளில் ஒரு பகுதி இத்தகைய கலப்பின் பிள்ளைகள்தான். பச்சையவுருமணி டி.என்.ஏ. பொதுவாகத் தாய்வழியே மட்டும் வருவதால், அதை மட்டும் பார்த்தவருக்குத் தகப்பன் யாரென்று தெரியாது. கலத்தின் கருவிலுள்ள, இரு பெற்றோரிடமிருந்தும் வரும், சற்று வேகமாக மாறும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கையோ இந்த ஒப்பீட்டில் தெரியாது. பீட்ரூட்டுக்கு 18 நிறமூர்த்தங்கள், பட்டெலிபோலியா சாதியின் இன்னோர் இனமான பட்டெல்லாரிசுக்கு 36. அதை அறிய நுணுக்குக்காட்டியிடம்தான் போக வேண்டும். தனது பெயர்ப்பட்டியலைப் பெயரிடலுக்கான அதிகார மூலமாகக் கொள்ள வேண்டாம் என்று என்.சி.பி.ஐ. தானே அறிவித்திருப்பதை நான் நேர்மையாகவே கருதுகிறேன்.

முடிவுகளிலிருந்து கிளைமரம் வரைந்து தரும் வசதியும் உண்டு. அவசரத்துக்கு உதவும், அதை ஆய்வு முடிவாக எவரும் கொள்ளலாகாது.

உயர்தர ஆசிரியர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஐந்துக்கு நான்கு புள்ளிகளும் கொடுப்பேன். ஒப்பீட்டில் ஒரு வரிக்கு 60 எழுத்துகள் வருவதால், கைபேசியில் பார்ப்பவர் அதைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். அடுத்த வகுப்பில் பட்டெலிபோலியாவின் புரோகும்பென்சையும் வெப்பியானாவையும் ஒப்பிடப் போகிறோம். இலை வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கப்பட்ட இவ்விரண்டும் மரபணுவில் பிரித்தறியக் கடினமானவை. படங்களை மட்டும் காட்டிவிட்டு வந்தேன், முன்வாங்குக்காரர் இரண்டினம் என்கிறார்கள், பின்வாங்குக்காரர் ஓரினம் என்கிறார்கள்.