கைதட்டலா, ‘ஷாட் ஓகே’வா, லைக்கா?

நடிக்க வந்த எவருக்கும் உள்ளே ஓடுவது ஒரே கேள்வி: “எனக்கு நடிப்பு வருதா?” அதை எங்கே போய்க் கேட்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறோம். சென்னையில் புதியவருக்கு நாடகக் குழு இருக்கிறது, படப்பிடிப்புத் தளம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. மூன்றிலும் நின்று பார்த்தவன் நான்.

போனை முதலில் முடித்துவிடுகிறேன். ரீல்ஸில் பதில் உடனே வரும், யார் வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டாம். ஆனால் மூன்று வாரம் உழைத்து நானே எழுதி நடித்த தனி வசனத்தை நாற்பது பேர்தான் பார்த்தார்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வேறொருவர் குரலுக்கு வாயசைத்தது எங்கெங்கோ ஓடியது. அந்த ஓட்டத்தில் சட்டைக்கு எவ்வளவு பங்கு, எனக்கு எவ்வளவு பங்கு என்று எப்படிப் பிரிப்பது?

படப்பிடிப்புத் தளத்தில் குழப்பம் வேறு மாதிரி. ‘ஷாட் ஓகே’ என்ற சத்தம் கேட்டதும் புதியவர்கள் பூரித்துப் போவார்கள். ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, தரையில் குறித்த மார்க்கில் நீ நின்றாய், அவ்வளவுதான் அதன் பொருள். ‘ஒன் மோர்’ என்றால் சுருங்கிப் போவதும் அதே அறியாமைதான். ஒரு காட்சியில் ஏழு டேக் போனது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேமரா ட்ராலி குலுங்கியதுதான் காரணம் என்று மறுநாள் உதவி இயக்குநர் ஒருவர் போகிற போக்கில் சொன்னார். பேரும் சம்பளமும் அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் எது சரியாக வந்தது என்று நின்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

நாடகத்தில் அதைச் சொல்வது பார்வையாளர்கள், அதுவும் வாய் திறக்காமலே. ஹாலில் இருமல் கிளம்பினால் பிடி நழுவிவிட்டது என்று பொருள். முதல் நாள் சிரிப்பு வந்த இடத்தில் இரண்டாம் நாள் வராது. ஏனென்று ராத்திரியெல்லாம் யோசித்தால், வசனத்தை ஒரு மூச்சு முன்னதாக விட்டது பிடிபடும். அடுத்த நிகழ்ச்சியில் திருத்திச் சிரிப்பைத் திரும்ப வாங்கும்போது வருகிற தெம்பு இருக்கிறதே, அதை யாரும் பிடுங்க முடியாது. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி எல்லாம் வந்தது சும்மா இல்லை. குரு சோமசுந்தரம் அங்கே பல ஆண்டுகள் உழைத்த பிறகுதான் 2011இல் ‘ஆரண்ய காண்டம்’ படம். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்களைக் கவனித்தவர்.

நாடகத்துக்கும் குறை உண்டு. காசு கிடையாது. வருகிறவர்களில் பாதிப்பேர் நண்பர்கள், மேடைக்குப் பின்னால் வந்து “சூப்பர்டா” என்பார்கள். அதை நம்பக் கூடாது. கடைசி வரிசைக்குப் பழகிய முகம் குளோசப்பில் பெரிதாகத் தெரியும். படப்பிடிப்பில் “டிராமாவா இருக்கே” என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

நாலாவதாக ஓர் இடம், யாரும் கணக்கில் எடுப்பதில்லை: டப்பிங் தியேட்டர். 1990 முதல் படங்கள் செய்தும் விக்ரமுக்குப் பிடி கிடைக்கவில்லை. ‘அமராவதி’யில் (1993) அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் (1994) பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். அவருக்குப் பேர் வாங்கித் தந்த ‘சேது’ வந்தது 1999 டிசம்பரில். நெடுங்காலம் டப்பிங் கலைஞராக இருந்த எம்.எஸ். பாஸ்கருக்கு ‘பார்க்கிங்’ படத்துக்கான தேசிய விருது 2025இல்தான் அறிவிக்கப்பட்டது. முகம் தெரியாத வேலை, பாராட்டும் இல்லை. ஆனால் “லிப் போகுது சார், இன்னொரு தரம்” என்று, குரல் உதட்டசைவோடு ஒட்டாதபோது ஒலிப்பதிவாளர் சொன்னால் அதில் முகஸ்துதியும் இல்லை, பகையும் இல்லை. சரியாக விழுந்தால் உனக்கே கேட்கும்.

ஆறு மாத வாடகை கையில் இருக்கிறவருக்கு நான் நாடகக் குழுவைத்தான் சொல்வேன். இல்லாதவருக்கு டப்பிங், அதற்கு யூனியன் கார்டு வாங்குகிற பாடு தனி. படப்பிடிப்புத் தளத்துக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். ‘வருதா’ என்ற கேள்வியை மட்டும் அங்கே எடுத்துப் போகாமலிருந்தால் சரி.

ரீல்ஸ் பக்கத்தை நானும் மூடவில்லை. ஆடிஷனுக்குப் போனால் இன்னமும் அந்த மஞ்சள் சட்டை வீடியோவைத்தான் கேட்கிறார்கள்.