வரிப்பணத்தில் போய் வந்த இரண்டு நாள் கருத்தரங்கு: என் மதிப்பீடு

குடிநீர் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் குடிநீர்த் துறை ஊழியர்களுக்கான இரண்டு நாள் கருத்தரங்குக்கு என்னை அனுப்பினார்கள். பயணப்படி, தங்கும் இடம், பதிவுக் கட்டணம் எல்லாமே மக்கள் வரிப்பணம். பணம் கொடுத்தவர்கள் யாரும் அந்த ஹாலுக்குள் வந்து பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. காலை 9.30க்குத் தொடங்கும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வர 10.50 ஆனது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரைகள், நினைவுப் பரிசுகள் எல்லாம் முடியும்போது மணி 12.45. நாங்கள் சுமார் 140 பேர் இருந்தோம். ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலே 420 மணி நேரச் சம்பளம் அங்கே கரைந்தது. அந்த நேரத்தில் தண்ணீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை புதிதாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு தோள்பை கொடுத்தார்கள். ஏற்கெனவே இப்படி நாலு பை வீட்டில் இருக்கிறது. மதியம் ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்தார்கள். பின்வரிசைக்கு வரைபடம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் கடைசியில் ‘களப் பிரச்சினைகள்’ என்று 45 நிமிட அமர்வு இருந்தது. முந்தைய பேச்சுகள் நீண்டதால் அதை 20 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு பேர் கலையாமல், நாற்காலிகளை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்தோம். நான் போனதற்கான பலன் அந்த வராந்தாவில்தான் கிடைத்தது.

எங்கள் குழாய்வழி ஒன்றின் கடைக்கோடியில் ஏழு மாதமாக ஒரு சிக்கல். குளோரின் இருக்கிறதா என்று பார்க்க உதவும் டி.பி.டி. தூளைப் போட்டால் தண்ணீர் நன்றாக இளஞ்சிவப்பாகும். கிருமியைக் கொல்லச் சேர்த்ததில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று காட்டும். வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அதே இடத்துத் தண்ணீரில், கழிவு கலந்திருக்கலாம் என்று எச்சரிக்கும் கோலிஃபார்ம் கிருமி வந்துகொண்டே இருந்தது. பாட்டில்களை மறுபடி கிருமிநீக்கம் செய்தோம். மாதிரி எடுக்கும் பையன் மேல்கூடச் சந்தேகப்பட்டோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

இதைச் சொன்னதும் வேறொரு நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், “மேடம், உங்க தண்ணில மாங்கனீஸ் இருக்கா?” என்று கேட்டார். எங்களுடையது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதில் மாங்கனீஸ் என்ற அந்த உலோகம் இருக்கிறது. குளோரின் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த மாங்கனீஸும் டி.பி.டி.யைச் சிவப்பாக்கும். அதே தண்ணீரில் இன்னொரு மாதிரி எடுத்து, முதலில் பொட்டாசியம் அயோடைடும் சோடியம் ஆர்சனைட்டும் விட்டால் குளோரின் செயலிழந்துவிடும். அதற்குப் பிறகும் டி.பி.டி.யில் சிவப்பு வந்தால் அது மாங்கனீஸ். முதல் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். ஆர்சனைட் விஷம், கையுறை முக்கியம் என்பதையும் அவரே நினைவுபடுத்தினார்.

திரும்பி வந்த அன்றே செய்து பார்த்தேன். அந்த 0.3ல் 0.25 மாங்கனீஸ். நல்ல தண்ணீர் என்று நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் குளோரின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குழாயை அலசிவிட்டு, குளோரின் அளவைக் கூட்டினோம். அதற்கு அப்புறம் எடுத்த மாதிரிகள் சுத்தமாக வந்தன.

இது செய்முறைக் கையேட்டிலேயே இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன், என் குழாயோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வீடியோ கூட்டம் நடத்தினால் போதாதா, செலவு மிச்சமாகுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேலதிகாரிகள் கேட்டுக்கொண்டிருக்கும் திரையில், ‘எங்கள் தண்ணீரில் ஏழு மாதமாகக் கிருமி’ என்று நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

செலவு எல்லை மீறுவதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2010ல் அங்கே பொதுச் சேவைகள் நிர்வாகம் என்ற அரசு அமைப்பு, லாஸ் வேகாஸில் சுமார் 300 ஊழியர்களுக்காக நடத்திய மாநாட்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் ஆனது. முன்கூட்டித் திட்டமிடப் போய் வந்த பயணச் செலவே 1 லட்சம் டாலரைத் தாண்டியது. குழு உணர்வை வளர்க்க, பாகங்களைச் சேர்த்துச் சைக்கிள் பூட்டும் பயிற்சிக்கு 75,000 டாலர். 2012ல் தணிக்கை அறிக்கை வெளியானதும் அமைப்பின் தலைவர் மார்த்தா ஜான்சன் பதவி விலகினார். அந்த ஆண்டு மே மாதமே, 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட மாநாட்டுக்கு உயர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், 5 லட்சத்தைத் தாண்டினால் துறைத் தலைவரே விலக்கு அளிக்காதவரை கூடாது என்று விதி வந்தது. செலவு விவரத்தை ஆண்டுதோறும் இணையத்தில் வெளியிடவும் சொன்னார்கள். இந்த வெளியிடுதல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு சில அரசு ஆய்வகங்களின் விஞ்ஞானிகள் மாநாடுகளுக்குப் போவது வெகுவாகக் குறைந்ததை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2015ல் சுட்டிக்காட்டியது. சைக்கிள் பூட்டுவதை நிறுத்தப் போய் வராந்தாவையும் சேர்த்து மூடிவிடக் கூடாது.

2011ல் அங்கே இன்னொரு செய்தி கொதித்தது: நீதி அமைச்சகக் கருத்தரங்கில் ஒரு மஃபின் (சிறிய கேக்) 16 டாலர். பானம், பழம், சேவைக் கட்டணம் எல்லாம் அந்தத் தொகையில் அடக்கம் என்று தணிக்கையாளர் பிறகு திருத்தி எழுத வேண்டியிருந்தது. பில்லை ஒரே வரியில் சுருக்கினால் திருடியவனும் தெரிய மாட்டான், நேர்மையானவனும் தப்ப மாட்டான். எங்கள் கருத்தரங்குக்கும் ‘தலைக்கு இவ்வளவு’ என்ற தொகுப்புக் கட்டணம்தான். ஹாலுக்கு எவ்வளவு, பைக்கு எவ்வளவு, மேடை அலங்காரத்துக்கு எவ்வளவு என்று எங்கும் இல்லை.

ஐந்து மதிப்பெண்ணுக்கு முதல் நாளுக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். அந்த வராந்தாவுக்கு ஐந்தும் தருவேன். மக்கள் பணத்தில் இப்படிக் கூடலாமா என்றால், கூடலாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஆட்களை மேடைக்காகக் கூட்டக் கூடாது. துறையின் சொந்தக் கட்டடத்தில், பை இல்லாமல், களப் பிரச்சினைகளை முதல் நாள் காலையிலேயே வைத்து நடத்தட்டும். போனவர் என்ன கற்றார், திரும்பி வந்து எதை மாற்றினார் என்று ஒரு பக்கம் எழுதி, பில்லோடு சேர்த்துப் பொதுவில் போடட்டும்.

என்னிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை. மாங்கனீஸ் சோதனை முறையை இரண்டு பக்கம் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மாதிரி எடுக்கும் பையன்தான் முதலில் படித்தான். தொகுப்புக் கட்டணத்தைப் பிரித்துத் தரும்படி அமைப்பாளர்களுக்குக் கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.