அக்வாவுக்கு 175ஆ, 185ஆ, 195ஆ? முதலில் ரிம்மைப் பாருங்கள்

போன வருடம் மே மாத மழை தொடங்க முன்னர் என்னுடைய டொயோட்டா அக்வாவுக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டி வந்தது. காரோடு வந்த அளவு 175/65 ஆர்15. அதாவது டயரின் அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். பஞ்சிகாவத்தையில் விசாரித்தாலும் சரி, தெஹிவளையில் விசாரித்தாலும் சரி, ஒரே பதில்தான்: "கொஞ்சம் அகலமாப் போடுங்க அண்ணே, பார்க்க வடிவா இருக்கும்." ரிம்மை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. இருக்கிற ரிம்மிலேயே 185/65 போட்டேன். அதே மொடல் கார் வைத்திருக்கும் என் மச்சான் எனக்கு ஒரு வருடம் முன்னரே 195/60 போட்டிருந்தார். ஆகவே மூன்று அளவிலும் ஓடிப் பார்த்திருக்கிறேன். என் சாய்வு 185/65 பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

175இல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங் லேசு, பெற்றோல் மிச்சம், கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். காலி வீதி நெரிசலில் வேலைக்குப் போய் வருவதோடு சரி என்றால் அதையே திரும்பப் போடுங்கள். எனக்கு இருந்த பிரச்சினை வேறு. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறோம். ஐந்து பேர், பின்னால் நிறையப் பெட்டிகள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் காரின் அடி உரசும்.

சரி, அகலமாகப் போடுவது என்று முடிவெடுத்தால் எந்த அளவு? இங்கேதான் கடைக்காரர்கள் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது: ரிம்மின் அகலம்.

வீல் மூடியைக் கழற்றிவிட்டு இரும்பு ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். என்னுடையதில் 15×5ஜே என்று பொறித்திருக்கிறது. டயரின் இரு விளிம்புகளும் உட்காரும் இடத்தின் உள்ளகலம் 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீற்றர். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரை என்று தரநிர்ணயம் உண்டு. 175/65க்கு 5 முதல் 6 அங்குலம். 185/65க்கு 5 முதல் 6.5. 195/60க்கு 5.5 முதல் 7. பாருங்கள், 185 எங்கள் ரிம்மில் கடைசிப் படியில் நிற்கிறது, ஆனாலும் உள்ளேதான் நிற்கிறது. 195 வெளியே போய்விட்டது. ஏற்றினால் ஏறும், காற்றும் நிற்கும், கடையில் எவரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அந்த டயரை அந்த ரிம்முக்கென்று செய்யவில்லை.

டொயோட்டாவே இதைக் காட்டித் தந்திருக்கிறது. முதல் தலைமுறை அக்வாவின் டூரிங் வகையில் 195 டயர் வந்தது. ஆனால் அதற்கு 5ஜே ரிம்மைக் கொடுக்கவில்லை. 16 அங்குல விட்டத்தில் 6ஜே ரிம் கொடுத்தார்கள். அதோடு காரின் திரும்பும் ஆரையும் 4.8 மீற்றரிலிருந்து 5.7 மீற்றருக்குக் கூடிவிட்டது. வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் கார் திருப்புகிறவர்களுக்கு அந்த 90 சென்ரிமீற்றர் என்னவென்று விளங்கும்.

மச்சானின் காருக்கு முன்னால் குனிந்து பார்த்தால் பக்கச் சுவர் ரிம்மை மீறிப் பானை வயிறு போலத் தள்ளி நிற்கும். ஒருநாள் பின்னேரம் அவர் வீட்டு ஒழுங்கையில் இரண்டு காரையும் நிறுத்தி ஒரு பரிசோதனை செய்தோம். பிள்ளைகளின் சோக்கை எடுத்து டயரின் தேயும் பரப்பில் குறுக்காகத் தடித்த கோடு போட்டு, காரை நேராகப் பத்து மீற்றர் உருட்டினோம். என் டயரில் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக அழிந்திருந்தது. அவருடையதில் நடு மட்டும் அழிந்து, இரு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குச் சோக் அப்படியே வெள்ளையாக நின்றது. அகலமான டயரைக் குறுகிய ரிம் இரு பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் நடுப்பகுதி மேடாகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் வீதியைத் தொடவே இல்லை. காற்றைக் குறைத்தால் தொடும்தான். ஆனால் அப்போது பக்கச் சுவர் இன்னும் தளர்ந்து வளைவுகளில் கார் ஆடும். ஏற்கெனவே மெரைன் டிரைவில் அவருடைய காரில் திடீரென்று ஒதுங்கினால் ஸ்டியரிங் திரும்பிக் கணநேரம் கழித்துத்தான் உடம்பு திரும்பும்.

இதே கணக்கு 185க்கும் உண்டு, மறைக்கவில்லை. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் உண்மையான அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் சுருங்கும். 185/65இன் அகலத்தை 5.5 அங்குல ரிம்மில் வைத்துத்தான் அளந்து குறிக்கிறார்கள். ஆகவே 5ஜேயில் நமக்குக் கிடைக்கும் உண்மையான கூடுதல் 10 அல்ல, 7 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். 185 போடுவதன் பலன் அகலத்தை விட உயரத்தில்தான் இருக்கிறது. 175/65இன் வெளிவிட்டம் 608.5 மில்லிமீற்றர், 185/65இனது 621.5. கார் ஆறரை மில்லிமீற்றர் எழும்புகிறது. கேட்கச் சின்ன அளவு. ஆனால் முன்பு உரசிய வேகத்தடைகளில் பாதிக்கு மேல் இப்போது உரசுவதில்லை. பாரம் தாங்கும் குறியீடும் 84இலிருந்து 88 ஆகிறது. ஒரு டயர் 500 கிலோ தாங்கிய இடத்தில் 560 தாங்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஆட்களை ஏற்றியும் பார்த்தேன். மட்கார்டில் எங்கும் படவில்லை.

பெற்றோல் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயர் மாற்றிய முதல் மாதம் லீற்றருக்கு 19.5 இருந்தது 18.8 ஆக இறங்கியதும் பதறிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன்: விட்டம் 2.1 சதவீதம் கூடிவிட்டதால் மீற்றர் 100 கிலோமீற்றர் என்று காட்டும்போது முந்தைய கணக்கில் 102 ஓடியிருக்கிறோம். அதைச் சேர்த்தால் 19.2. உண்மையான இழப்பு 0.3தான். அதிவேக நெடுஞ்சாலையில் இதை மறக்காதீர்கள், 100ஐத் தொட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் ஓரிரண்டு குறைத்து ஓடுவது நல்லது.

மழையைப் பற்றி அகலமான டயருக்காக வாதாட மாட்டேன். தேங்கிய தண்ணீரைக் கிழிப்பதில் ஒடுங்கிய டயர்தான் கெட்டி. பள்ளக்கோடு ஆழமாக இருக்கும்வரை 175க்கும் 185க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் டயர் ஓடியது 16,000 கிலோமீற்றர்தான், தேய்ந்த பிறகு எப்படி என்று என் அனுபவத்தில் சொல்ல இன்னும் காலம் வேண்டும். மச்சானின் டயர்கள் நடுவில் தேய்ந்து முடிந்துவிட்டன, ஓரம் புதிது போல இருக்கிறது. அடுத்த முறை அவரும் 185க்குத்தான் வருகிறார்.

185/60ஐயும் சிலர் சொல்வார்கள். மீற்றர் பிழை ஒரு சதவீதத்துக்குள் நிற்கும், உண்மை. ஆனால் விட்டம் 603, கார் இன்னும் தாழும். எனக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நான்கையும் ஒரே அளவில் போடுங்கள். என் ஸ்பெயார் சில்லு இன்னும் 175தான், அதைப் போட நேர்ந்தால் பஞ்சர் கடை வரை மட்டும் மெதுவாகப் போவேன்.