விலங்கைத் தொடலாம், தீனி குடுக்கலாம்னு கூப்பிடுற பார்க்குக்கு குழந்தைங்கள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இத படிங்க

என் பையனுக்கு மூணு ஊசி முடிஞ்சிருக்கு, நாலாவது இன்னும் 9 நாள்ல போடணும். நாய் கடிச்சா போடுவாங்களே, அதே ஊசி. ஆனா நாய் கடிக்கல. தலைக்கு 200 ரூபா தனியா கட்டி உள்ள போன ஒரு ரூம்ல, குட்டிக் குரங்கு ஒண்ணு அவன் விரலைக் கடிச்சிடுச்சு. அவனுக்கு வயசு 6. நடந்து இன்னைக்கு 19 நாள் ஆச்சு, இப்பதான் நிதானமா உக்காந்து எழுத முடியுது.

இடம் சென்னையிலேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரம். பேர் இங்க போடல, புகார் போயிட்டு இருக்கு, பேர் போட்டா அதையே சாக்கா வச்சு பதிவை எடுக்க வச்சிடுவாங்கன்னு எங்க ஆபீஸ் வக்கீல் சார் சொன்னாரு. ஆனா இந்த மாதிரி இடம் இப்ப எல்லா ஊர்லயும் முளைச்சிருக்கு, வாசல்ல சிமெண்ட்ல பெரிய மரம், பிளாஸ்டிக் கொடி தொங்கும், ஸ்பீக்கர்ல சிங்கம் கர்ஜிக்கும், அதனால நான் சொல்றத உங்க ஊர்ல இருக்குற இடத்தோட பொருத்திப் பாத்துக்குங்க.

முதல்ல வண்டலூர் போலாம்னுதான் பேசிட்டு இருந்தோம். எங்க அத்தைக்கு (மாமியார்) 68 வயசு, அவங்களுக்கு மிருகக்காட்சி சாலைன்னாலே இன்னும் உயிர் காலேஜ்தான், மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்தப்ப அவங்க அப்பா கைய புடிச்சிட்டு போனதா சொல்லுவாங்க, அதுதான் 1985ல வண்டலூருக்கு மாறிச்சு. அங்கயே போலாம்மா, நிழலா இருக்கும்னு அத்தை சொன்னாங்க. நான்தான் கேக்கல. பசங்க ஏற்கனவே ரெண்டு தடவ பாத்துட்டாங்க, பொண்ணுக்கு (9 வயசு) எதையாவது தொட்டுப் பாக்கணும்னு ஆசை, அந்த நேரம் பாத்து இன்ஸ்டால இந்த பார்க் விளம்பரம் வந்துட்டே இருந்துச்சு. 60 வகை விலங்கு, பறவை எல்லாம் கையில வாங்கிக்கலாம், தீனி குடுக்கலாம், பேட்டரி வண்டில சுத்திக் காட்டுவாங்க, எல்லாமே டிக்கெட்லயே அடக்கம். வெள்ளைப் புலி போட்டோ கூட இருந்துச்சு.

அந்தப் புலியைப் பாத்தப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். நம்ம நாட்டுல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரம் குடுத்த இடத்தத் தவிர வேற எங்கயும் புலிய காட்சிக்கு வச்சிருக்கவே முடியாது, அந்த லிஸ்ட் ஆணையத்தோட வெப்சைட்லயே இருக்கு, போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எடுத்து தேடியிருந்தா போதும். வீட்டுக்கு வந்தப்பறம் அந்த போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டா வெளிநாட்டு ஜூ ஒண்ணு வருது.

பெரியவங்க 5 பேரு (நான், என் வீட்டுக்காரர், அத்தை, நாத்தனார், அவ வீட்டுக்காரர்), தலைக்கு 699. எங்க பசங்க ரெண்டு பேருக்கும் 499. மொத்தம் 4,493 ஆன்லைன்லயே கட்டிட்டோம். நாத்தனார் பொண்ணுக்கு இன்னும் 3 வயசு முடியல, மூணு வயசுக்குள்ள இருந்தா ஃப்ரீன்னு வெப்சைட்ல தெளிவா போட்டிருந்தாங்க. வாசல்ல போனா ஒரு குச்சி நட்டு வச்சிருக்காங்க, அந்த உயரத்துக்கு மேல இருந்தா வயசெல்லாம் கணக்கு இல்லையாம், இன்னொரு 499 கட்டுங்கன்னாங்க. ஆதார் காட்டினோம், போன்ல அவங்க வெப்சைட்டயே காட்டினோம், "அது பழைய ரூல் மேடம்"னு ஒரே பதில். பின்னாடி க்யூ நின்னுட்டு இருக்கு, குழந்தை வெயில்ல அழுவுது, கட்டிட்டு உள்ள போயிட்டோம். பார்க்கிங் 100. பையில இருந்த தண்ணி பாட்டிலயும் அத்தைக்கு வச்சிருந்த தயிர் சாதத்தையும் வாசல்லயே வாங்கி வச்சிட்டாங்க, அத்தை சுகர் மாத்திரை போடுறவங்க, நேரத்துக்கு சாப்பிடணும்னு சொல்லிப் பாத்தும் விடல.

உள்ள யானை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் எல்லாம் இருக்கு, அத்தனையும் ஃபைபர் பொம்மை. 60 வகைன்னு சொன்னதுல அதையும் சேத்திருக்காங்க, என் பொண்ணு நோட்டுல எழுதிட்டே வந்தா, உயிரோட இருந்தது 17தான், அதுலயும் முயல், ஆடு, வாத்து, கினி கோழியெல்லாம் சேத்துத்தான். பேட்டரி வண்டி ரிப்பேராம். முட்டி வலியோட அத்தை அந்த ஜல்லி கொட்டின பாதையில நடந்தாங்க. எல்லாம் அடக்கம்னு சொன்னாங்களே, உள்ள எதத் தொட்டாலும் டோக்கன். தீனி கப் 50, பறவைய கையில வச்சுக்க 150, குட்டிக் குரங்கு ரூமுக்கு தலைக்கு 200. ஒவ்வொரு கூண்டு கிட்டயும் ஜிபே போர்டு இருக்கு, ஆனா பில் கேட்டா இல்ல.

காசு போனது ஒரு பக்கம். நான் இந்தப் பதிவு எழுதறதே அடுத்து சொல்லப் போறதுக்குத்தான்.

ஆட்டுப் பட்டிக்குள்ள பசங்க கேரட் கப்போட போனாங்க. போன உடனே பத்து பன்னெண்டு ஆடு ஒண்ணா பாஞ்சு வந்து, பொண்ணு சட்டையப் புடிச்சு இழுக்குது, கப்ப வாயிலயே புடுங்குது, காலி ஆனதும் அந்த பேப்பர் கப்பயே மென்னு திங்குது. நாத்தனார் குழந்தை பயந்து கத்துறா. அங்க வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க, பக்கத்து ஊர்க்காரங்க, ஓடி வந்து தூக்கி விட்டாங்க. எங்க அத்தை கிராமத்துல ஆடு மாடோட வளந்தவங்க, அவங்க அந்த அம்மாகிட்ட மெதுவா கேட்டாங்க, ஏம்மா வயிறு ஒட்டிப் போயிருக்கே, காலைல எதுவும் போடலயான்னு. அதுக்கு அந்த அம்மா, "காலைல போட்டா வர்ற புள்ளைங்க குடுக்குறத திங்காதுங்கம்மா, கப்பு விக்காது, அதான் சாயங்காலம் மூடுனதுக்கு அப்பறம் போட சொல்லிருக்காங்க, ஞாயித்துக்கிழமைன்னா ரொம்ப பாவம்"னு சொன்னாங்க. சொல்லும்போது அவங்களுக்கே கண்ணு கலங்குது. அவங்க மேல எனக்கு துளி கோவம் இல்ல.

அது கேட்டதும் கெளம்பியிருக்கணும்ங்க. குரங்கு ரூமுக்கு 4 டோக்கன் ஏற்கனவே வாங்கியாச்சு, 800 ரூபா, திருப்பிக் குடுக்க மாட்டேன்னாங்க, பையன் வேற கால் வலிக்குதுன்னாலும் அத மட்டும் பாத்துட்டு போலாம்மான்னு கெஞ்சுறான். மார்மோசெட்னு சொல்ற சின்ன குரங்கு, அணில விட கொஞ்சம் பெருசு, நாலு இருந்துச்சு, ஏசி கூட இல்லாத கண்ணாடி ரூம். அங்க வேலை பாக்குற ஒரு பையன் ஆளுக்கு ஒரு திராட்சை கையில குடுத்து, தோள்ல குரங்க ஏத்தி விட்டு போட்டோ எடுக்குறான். ஒரு நாளைக்கு எத்தனை தோள், எத்தனை ஃப்ளாஷ் பாத்திருக்குமோ. என் பையன் திராட்சைய குடுக்கும்போது ஒண்ணுக்கு ரெண்டா வந்துச்சு, ஒண்ணுத்துக்கு கிடைக்கல, அது விரலக் கடிச்சிடுச்சு. ஆள்காட்டி விரல்ல ரெண்டு ஓட்டை, ரத்தம்.

அந்தப் பையன் என்ன செஞ்சான் தெரியுமா, டப்பாலேர்ந்து மஞ்சத்தூள் எடுத்து வந்து அப்பிட்டான். டப்பா ரெடியா இருந்துச்சுன்னா இது முதல் தடவ இல்லன்னுதான அர்த்தம். ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் எங்கன்னு கேட்டா ஆபீஸ்லன்னான், ஆபீஸ் போனா மேனேஜர் வெளிய போயிருக்காருன்னாங்க, கை கழுவுற இடத்துல சோப்பு கூட இல்ல. என் வீட்டுக்காரர் கேண்டீன்லேர்ந்து பாத்திரம் கழுவுற சோப்ப புடுங்கிட்டு வராத குறையா வாங்கிட்டு வந்தாரு. அங்க இருந்த பொண்ணு, ஊசி போட்ட குரங்குதான் மேடம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச்சு, அப்ப அந்த தடுப்பூசி கார்டக் காட்டுங்கன்னேன், காட்டல, கடைசி வரைக்கும் காட்டல.

நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு போயிட்டோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேஷுவாலிட்டில இருந்த டாக்டரம்மா முதல்ல கேட்டதே எவ்ளோ நேரம் கழுவுனீங்கன்னுதான். பாலூட்டி எது கடிச்சாலும், நாய் பூனை குரங்கு எதுவா இருந்தாலும், ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், மிளகாத்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாதுன்னு சொன்னாங்க. ரத்தம் வந்ததால விரல்ல காயத்த சுத்தி ஒரு ஊசி, அதுதான் அவனால தாங்க முடியல, நானும் அவரும் புடிச்சுக்கிட்டோம், அப்பறம் கையில தடுப்பூசி, டிடின்ற டெட்டனஸ் ஊசி. முதல் ஊசி போட்ட நாள 0ன்னு வச்சு 0, 3, 7, 28வது நாள், இந்தக் கணக்குல வரணும், ஒண்ணு கூட விடக் கூடாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. எல்லாமே இலவசம்தான், ஒரு ரூபா வாங்கல. பாம்பு, ஓணான், ஆமை மாதிரி எதையாவது தொட்டாங்களான்னும் கேட்டாங்க, ஏன்னா அதுங்க மேல சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க தொடவே கூடாதாம். நாத்தனார் குழந்தை கழுத்துல பால் பைத்தான்னு (ball python) ஒரு வகை மலைப்பாம்ப போட்டுத்தான் போட்டோ எடுத்திருக்காங்க, அதுக்கப்பறம் கை கழுவாமயே சிப்ஸ் சாப்பிட்டிருக்கா. நல்லவேளை அவளுக்கு ஒண்ணும் ஆகல.

வண்டலூர்ல ஏன் தொட விடமாட்டேங்குறாங்க, ஏன் தீனி போட்டா ஃபைன்னு பசங்க ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க. அங்கீகாரம் உள்ள ஜூவுல விலங்க சீண்டுறதும் தீனி போடுறதும் 1972 வனவிலங்குச் சட்டத்துலயே தடை. அது நம்ம பிள்ளைங்களுக்கும் சேத்துப் போட்ட வேலின்னு அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தப்பதான் எனக்கு உறைச்சுது.

இன்னொண்ணு. ஒரு மக்காவ் கிளி, நெஞ்சுல ஒரு இறகு கூட இல்ல, தோல் தெரியுது. சீசன்ல கொட்டிடும்னு சொன்னாங்க. கூண்டுல அடைபட்ட கிளி மன உளைச்சல்ல தன் இறகத் தானே புடுங்கிக்கும், அப்படி புடுங்கும்போது தலையில மட்டும் அலகு எட்டாது. அதுக்கு தலை நல்லா முழுசா இருந்துச்சு. அதுக்கு அடுத்த கூண்டுல நம்ம ஊர் பச்சைக்கிளி, கழுத்துல சிவப்பு வளையம் இருக்குமே அதுதான், எட்டு இருந்துச்சு, அத்தைதான் முதல்ல கவனிச்சாங்க. பச்சைக்கிளி கூண்டுல வளக்குறதே சட்டப்படி குத்தம், வீட்டுல வளத்தாலும் சரி. மார்மோசெட், மக்காவ் மாதிரி வெளிநாட்டு உயிரினம் வச்சிருக்கவங்க 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் வெப்சைட்ல பதிவு பண்ணியிருக்கணும். பதிவு இருக்கான்னு வாசல்லயே கேளுங்க, இருக்குறவங்க காட்டுவாங்க. நாங்க மெயில் போட்டு கேட்டோம், இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. கிளி போட்டோவோட மாவட்ட வன அலுவலருக்கு பதிவுத் தபால் அனுப்பியாச்சு.

மொத்த செலவு, டிக்கெட், பார்க்கிங், சாப்பாட்டுக்கு 1,960 (ஒரு சாப்பாடு 280, சாம்பார் ஆறிப் போயிருந்துச்சு), தண்ணி 160, டோக்கன் எல்லாம் சேத்து 8,762. காச திருப்பிக் கேட்டதுக்கு, டிக்கெட் பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல, விலங்குகளால் ஏற்படும் காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்லன்னு போட்டிருக்குறத போட்டோ எடுத்து அனுப்புனாங்க. அப்படி எழுதிட்டா பொறுப்பு போயிடாதுன்னு வக்கீல் சார் சொன்னாரு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்தோம், அதுக்கப்பறம்தான் பார்க்லேர்ந்து முதல் தடவையா போன் வந்துச்சு, பையன் எப்படி இருக்கான்னு கேக்கல, அடுத்த தடவ வர்றதுக்கு பாதி விலை கூப்பன் தரோம், புகார வாபஸ் வாங்கிடுங்கன்னாங்க. வேணாம்னு வச்சிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடப் போறோம், நம்ம இருக்குற மாவட்டத்துலயே போடலாம், நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே போடலாம், நடந்ததுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா சரி. ஆனா கையில பேப்பர் இருக்கணும். எங்ககிட்ட டோக்கனுக்கு பில் இல்ல, ஜிபே ஹிஸ்டரிதான் இருக்கு, குரங்கு கடிச்சப்ப நாத்தனார் வீட்டுக்காரர் எடுத்த வீடியோ இருக்கு, ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு. அந்த மஞ்சத்தூள் டப்பாவ போட்டோ எடுக்காம விட்டுட்டேன்.

பொண்ணு அந்த நோட்ட பத்திரமா வச்சிருக்கா, உயிரோட இருந்த 17 வகையோட பேரு எழுதினது, அதையும் ஜெராக்ஸ் எடுத்து புகாரோட வைக்கப் போறோம். இதே மாதிரி இடத்துல உங்க குழந்தைக்கும் கடி, கீறல் ஏதாவது ஆகியிருந்து சும்மா கீறல்தானன்னு விட்டிருந்தீங்கன்னா, நாள் கடந்துட்டாலும் பரவால்ல, இன்னைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் காட்டுங்க. டிக்கெட், போட்டோ, பணம் கட்டின மெசேஜ் எதையும் டெலீட் பண்ணாதீங்க. எங்கள மாதிரி போய் வந்தவங்க யாராவது இருந்தா எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, அந்த குரங்கு ரூம்ல வேற குழந்தைக்கும் கடி பட்டிருக்குன்னு தெரிஞ்சா புகார்ல சேந்து போடலாம்.